சம்மர் ரீடிங்: மகள் கதவைச் சாத்திக்கொண்டால் அம்மா என்ன செய்வது?

நியூஜெர்சியில் இருக்கும் ஒரு அம்மா கேட்டிருப்பது இது. மகள் செப்டம்பரில் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள், ஆனர்ஸ் இங்கிலீஷ், அதாவது வழக்கமானதைவிடக் கடினமான பிரிவு. ஜூனில் பள்ளி மூடும்போதே இரண்டு புத்தகம் கட்டாயம் படித்துவர வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒன்று மேரி ஷெல்லி எழுதிய 'ஃப்ராங்கன்ஸ்டைன்' நாவல், இன்னொன்று யாரோ ஒருவர் எழுதிய தன்வரலாறு. ஆகஸ்ட் பிறந்தாயிற்று, முதல் புத்தகத்தில் 15 பக்கம்கூடத் தாண்டவில்லை, படி என்று சொன்னால் அறைக் கதவு சாத்திக்கொள்கிறது. லீவில் இப்படி வேலை கொடுக்கப் பள்ளிக்கு உரிமை உண்டா, படத்தைப் பார்த்துவிட்டுப் போனால் போதாதா, தமிழ் மீடியத்தில் படித்த நான் இதில் என்ன உதவி செய்ய முடியும் என்று மூன்று கேள்வி.

நான் இங்கே ஒரு பொதுப்பள்ளியில் 16 வருடம் ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுத்தேன். இந்த மாதிரித் தாளை நானே அடித்து, நகலெடுத்து, கடைசி நாளில் கையில் திணித்து அனுப்பியிருக்கிறேன். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் மூன்று கேள்வியில் மூன்றாவதுதான் பெரியது, அதை நீங்கள் கடைசியில் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன்.

உரிமை விஷயத்தைச் சட்டென்று முடித்துவிடலாம். 2005இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு மாணவரும் அவருடைய அப்பாவும், லீவில் ஆனர்ஸ் கணக்குப் பாடத்துக்கு ஹோம்வொர்க் கொடுத்தது செல்லாது என்று வழக்கே போட்டார்கள். வழக்கு தள்ளுபடியானது, 2006இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவுதான். அது விஸ்கான்சின் தீர்ப்பு, நியூஜெர்சியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த வழியில் போய் நேரத்தைக் கரைக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். டீச்சருக்கு ஒரு மெயில் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். ஏனென்றால் பட்டியல் மேலிடத்திலிருந்து இறங்கிவருவது என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள், பெரும்பாலும் அப்படி இல்லை. கல்லூரி அளவில் ஹைஸ்கூலிலேயே எடுக்கும் ஏபி லிட்ரேச்சர் பாடத்துக்குக்கூட, அதை நடத்தும் காலேஜ் போர்டு கட்டாயப் புத்தகப் பட்டியல் எதையும் தருவதில்லை. பட்டியல் போடுவது அந்தப் பள்ளியின் இங்கிலீஷ் டிபார்ட்மென்ட், பல இடங்களில் இரண்டு மூன்று டீச்சர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடிவெடுப்பதுதான். எனவே "எந்தப் பதிப்பு, எந்தத் தேதிக்குள், குவிஸா எஸ்ஸேயா, எவ்வளவு மதிப்பெண், குறிப்பெழுதிய புத்தகத்தைக் கொண்டுவர வேண்டுமா" என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார். உங்கள் மகளுக்கு ஐஇபி அல்லது 504 பிளான் (கற்றல் சிரமமோ உடல்குறையோ உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி எழுதித்தரும் உதவித் திட்டம்) இருந்தால் அதை இந்த வேலைக்கும் பொருத்தித் தரும்படி கேட்கலாம், கூச்சப்பட வேண்டியதில்லை.

சரி, ஏன் கொடுக்கிறார்கள்? "சம்மர் ஸ்லைடு" என்று ஒரு சொல் உங்கள் காதில் விழுந்திருக்கும். லீவில் படித்ததெல்லாம் வழுக்கிப் போய்விடுகிறது என்ற பயம். 1996இல் ஹாரிஸ் கூப்பர் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்று சொன்னார்கள். சறுக்கல் கணக்கில் கூடுதல், வாசிப்பில் அது வீட்டின் வசதியைப் பொறுத்து மாறியது. அதற்குப் பிறகு அந்தச் சறுக்கல் உண்மையிலேயே அவ்வளவு பெரிதா என்று கேட்பவர்களும் வந்துவிட்டார்கள். ஆனால் உங்களுக்கு நான் சொல்ல வருவது வேறு இரண்டு ஆய்வுகள். ஃப்ளோரிடாவில் வசதி குறைந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று கோடைக்கு, வருடத்துக்கு 12 புத்தகம், அவர்களே பொறுக்கி எடுத்தது, இலவசமாகக் கொடுத்தார்கள். வாசிப்பு மதிப்பெண் ஏறியது. அந்த முடிவு 2010இல் வெளியானது. இன்னொன்று ஜேம்ஸ் கிம் என்ற ஆராய்ச்சியாளர் செய்தது. புத்தகத்தை மட்டும் அனுப்பிவைத்தால் பெரிதாகப் பலன் தெரியவில்லை. எப்படி வாசிப்பது என்று டீச்சர் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து, வீட்டில் ஒருவரிடம் சத்தமாகக் கொஞ்சம் வாசித்துக் காட்டி, கதையைச் சொல்லவும் வைத்தபோதுதான் பலன் தெரிந்தது. இரண்டுமே சின்னப் பிள்ளைகளை வைத்துச் செய்தவை. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் வகுப்பில் நான் கண்ணால் பார்த்ததும் அதே திசையில்தான் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், பள்ளி திறந்த மூன்றாம் நாள், சம்மர் புத்தகத்தில் 20 மதிப்பெண்ணுக்கு ஒரு குவிஸ் வைத்தேன். ஒரு பையன் 4 வாங்கினான். படிக்கவே இல்லை என்று நினைத்து, புத்தகத்தைக் கொண்டுவா பார்க்கலாம் என்றேன். முதல் 40 பக்கம் முழுக்கப் பென்சில் குறிப்பு. நெருக்கமாக, ஓரத்தில் இடம் போதாமல் மேலேயும் கீழேயும் வளைத்து எழுதியிருந்தான். அப்புறம் ஒன்றுமே இல்லை, கடைசிப் பக்கம் வரை வெள்ளை. கடைசியாக எழுதியிருந்த குறிப்பு ஒரு கேள்வி: இவன் எதற்காகத் திரும்பிப் போகிறான்? அந்தக் கேள்வியைக் கேட்க அவனுக்கு ஜூலையில் ஒரு ஆள் இல்லை. ஆள் இல்லாததால் புத்தகம் அங்கேயே நின்றுவிட்டது. நான் அவனுக்குக் கொடுத்தது ஒரு தண்டனைத் தாள்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. அந்த வருடம் அந்தக் குவிஸ் மதிப்பெண்ணை யாருக்கும் கணக்கில் சேர்க்கவில்லை.

கட்டாய சம்மர் ரீடிங்கின் குறை புத்தகத்திலும் இல்லை, பிள்ளையிடமும் இல்லை. வகுப்பில் 25 பேர் சேர்ந்து, ஒருவர் முன்னால் நின்று வழிகாட்டிப் படிக்க வேண்டிய ஒரு புத்தகத்தை, தனியாக, பத்து வாரம், பேச்சுத்துணை இல்லாமல் படி என்று அனுப்பிவிடுகிறோம். உங்கள் மகள் கதவைச் சாத்துகிறாள் என்றால் அது சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் உள்ளே ஒரு பயம் இருக்கும், எனக்கு இது புரியவில்லையே, ஆனர்ஸ் வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் புரிந்திருக்குமே என்று. இந்தப் பயத்தை நன்றாகப் படிக்கிற பிள்ளைகளிடம்தான் நான் அதிகம் பார்த்தேன்.

இப்போது 'ஃப்ராங்கன்ஸ்டைன்' விஷயத்துக்கு வருகிறேன். 15 பக்கத்தில் நிற்கிறாள் என்றீர்களே, எங்கே நிற்கிறாள் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். அந்த நாவல் ஃப்ராங்கன்ஸ்டைனை வைத்துத் தொடங்குவதில்லை. வால்டன் என்ற ஒருவன் வட துருவத்தை நோக்கிக் கப்பலில் போகிறான், அக்காவுக்கு நாலு கடிதம் எழுதுகிறான். விஞ்ஞானி நாலாவது கடிதத்தில்தான் தலைகாட்டுகிறான், ஆய்வுக்கூடம் இல்லை, அவன் உருவாக்கிய அந்தப் பிறவியும் தூரத்தில் பனியில் ஒரு கணம் தென்பட்டு மறைவதோடு சரி. பேய்க்கதை என்று நம்பித் திறந்த பிள்ளை அங்கே கவிழ்ந்துவிடுகிறது. என்னிடம் படித்தவர்களில் எத்தனையோ பேர் சரியாக அந்த இடத்தில்தான் நின்றார்கள். அவளிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: இது கதைக்குள் கதை, அதற்குள்ளும் ஒரு கதை. வால்டன் அக்காவுக்கு எழுதுகிறான், அவனிடம் விக்டர் ஃப்ராங்கன்ஸ்டைன் என்ற அந்த விஞ்ஞானி தன் கதையைச் சொல்கிறான், விக்டர் சொல்லும் கதையின் நடுவில் அந்தப் பிறவி வாய் திறந்து தன் கதையைச் சொல்கிறது. இந்த அடுக்கு தெரிந்துவிட்டால் கடிதங்களைச் சீக்கிரமாகத் தாண்டிப் போகலாம். அப்புறம் முடிவில் வால்டன் திரும்ப வரும்போது அவன் ஏன் முதலில் வந்தான் என்பது தானாகப் புரியும்.

எந்தப் பதிப்பு என்று நான் முதலிலேயே கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நாவலுக்கு இரண்டு வடிவம் உண்டு, 1818இல் வந்தது ஒன்று, மேரி ஷெல்லியே திருத்தி 1831இல் வெளியிட்டது ஒன்று. முதலாவது மூன்று பாகம், ஒவ்வொரு பாகத்திலும் அத்தியாய எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இரண்டாவதில் 24 அத்தியாயம் நேராகப் போகும். எலிசபெத் முதல் பதிப்பில் விக்டருக்கு அத்தை மகள், திருத்திய பதிப்பில் எடுத்து வளர்த்த அனாதைப் பெண். டீச்சர் ஒன்றை வைத்துக் கேள்வி எடுத்து, மகள் இன்னொன்றைப் படித்துவிட்டுப் போனால் வீணாக இரண்டு மதிப்பெண் போகும். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, லிப்ரிவாக்ஸில் ஒலிவடிவமும் உண்டு. இறக்குவதற்கு முன் எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் பார்த்தால் போதுமா என்றால், இந்தப் புத்தகத்துக்கு நிச்சயம் போதாது. 1931 படத்தில் அந்தப் பிறவி பேசாது, உறுமும். மின்னல் இறங்கும் எந்திரம், ஒத்தாசைக்கு ஒரு கூனல் உதவியாள், இவை எதுவும் நாவலில் கிடையாது. நாவலில் அது மணிக்கணக்கில் பேசுகிறது, கெஞ்சுகிறது, வாதாடுகிறது, விக்டரைவிட நன்றாகப் பேசுகிறது என்றே சொல்வேன். 2025இல் வந்த புதுப் படத்தில் பேசத்தான் செய்கிறது, ஆனால் அதில் எலிசபெத்தை விக்டரின் தம்பிக்கு நிச்சயித்திருக்கிறார்கள். நாவலில் அந்தத் தம்பி ஒரு சின்னப் பையன். குவிஸ் எடுக்கும் டீச்சர்களுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். படம் மட்டும் பார்த்த பிள்ளை எந்த வரியில் மாட்டும் என்று தெரிந்தே கேள்வி வைப்போம். படித்து முடித்த பிறகு படத்தைச் சேர்ந்து பாருங்கள், எதை ஏன் மாற்றினார்கள் என்று சண்டை போடுங்கள். அது உண்மையிலேயே நல்ல பாடம்.

ஏஐயிடம் சுருக்கம் கேட்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சுருக்கம் படிப்பதில் தப்பில்லை. ஒரு அத்தியாயத்தைப் படித்த பிறகு, சரியாகப் புரிந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளட்டும். படிக்கும் முன் அதைப் பார்த்தால் அப்புறம் புத்தகத்தைத் திறக்கவே கை போகாது. அத்துடன் இப்போதெல்லாம் பல டீச்சர்கள் வீட்டில் எழுதிவரும் எஸ்ஸேயை விட்டுவிட்டு, முதல் வாரமே வகுப்பில், பேப்பரும் பேனாவுமாக எழுத வைக்கிறார்கள். நானும் கடைசி இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன்.

நேரக் கணக்கு பார்த்துவிடுவோம், ஏனென்றால் பயம் பாதி குறைவது அங்கேதான். நாவல் ஏறக்குறைய 75,000 சொல். பழைய நடை, நீள நீள வாக்கியம், நிமிடத்துக்கு 150 சொல் என்று மெதுவாகவே வைத்தாலும் 500 நிமிடம், அதாவது எட்டு மணி நேரமும் இருபது நிமிடமும். ஒரு நாளைக்கு 25 நிமிடம் உட்கார்ந்தால் 20 நாள். ஒரு தாளில் இந்தக் கணக்கை அவள் கையாலேயே போட வையுங்கள், நீங்கள் போட்டுக்கொடுத்தால் அது உங்கள் டைம்டேபிளாகிவிடும். லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) வரை நாள் இருக்கிறது, இரண்டாவது புத்தகத்துக்கும் இடம் இருக்கும். காதில் கேட்டுக்கொண்டே கண்ணால் பக்கத்தைப் பின்தொடர்வது ஏமாற்று வேலை இல்லை. இந்த மாதிரி வாக்கியங்களுக்கு அது மிகவும் நல்லது, எங்கே மூச்சு விட வேண்டும் என்பதைக் குரல் சொல்லிவிடும். லைப்ரரி கார்டு இருந்தால் லிபி ஆப்பில் நல்ல வாசிப்பாளர்கள் குரலில் கிடைக்கும்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. தமிழ் மீடியத்தில் படித்தேன், எனக்கு இங்கிலீஷ் இலக்கியம் தெரியாது என்கிறீர்கள். நீங்கள் டீச்சராக வேண்டாம். அவளுக்கு அந்த இடத்தில் தேவை கதை தெரியாத ஒரு ஆள். இரவு சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது, "அந்தக் கப்பல்காரன் என்ன ஆனான்?" என்று கேளுங்கள். தமிழில் சொல்லட்டும், இங்கிலீஷ் கலந்து சொல்லட்டும், எப்படியாவது சொல்லட்டும். நீங்கள் நிஜமாகவே தெரியாமல் கேட்கிறீர்கள், அது அவளுக்குத் தெரியும். நான் வகுப்பில் கேட்டால் விடை தெரிந்துகொண்டு கேட்கிறேன் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், அதனால் எனக்குப் பிடித்த விடையைத் தேடுவார்கள். உங்களிடம் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லும்போது எங்கே தடுமாறுகிறாளோ அந்த இடம்தான் அவளுக்குப் புரியாத இடம், அவளே போய்ப் புரட்டிப் பார்ப்பாள். தான் உருவாக்கிய பிறவியை விக்டர் கைவிட்டு ஓடுவதை அவள் சொல்லும்போது நீங்கள் "அது சரி, பிள்ளையைப் பெற்ற மாதிரிப் பெற்றுப்போட்டுவிட்டு ஓடிப்போனால் அது என்ன செய்யும்?" என்று கோபமாகக் கேட்டால், அந்த ஒரு வரியில் ஒரு எஸ்ஸேக்கான விஷயம் இருக்கிறது. மிகையாகச் சொல்லவில்லை. படைத்தவனுக்குப் படைப்பின் மேல் என்ன கடமை என்பதுதான் அந்த நாவலை எடுக்கும் எந்த வகுப்பிலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி.

நாவலின் நடுவில் ஒரு பகுதி உண்டு, 1831 பதிப்பில் 11ஆம் அத்தியாயத்திலிருந்து 16 வரை. விரட்டியடிக்கப்பட்ட அந்தப் பிறவி ஒரு குடிசையை ஒட்டிய சின்னக் கொட்டிலில் ஒளிந்துகொள்கிறது. சுவரில் ஒரு விரிசல், அதன் வழியாக உள்ளே ஒரு குடும்பத்தைப் பார்க்கிறது. கண் தெரியாத முதியவர், மகன், மகள். அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு, நெருப்புக்கு இந்தச் சொல், பாலுக்கு இந்தச் சொல் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கிறது. பிறகு வேற்றுமொழிக்காரப் பெண் ஒருத்தி அந்த வீட்டுக்கு வருகிறாள். அவளுக்கு அவர்கள் தங்கள் மொழியைச் சொல்லிக்கொடுக்கிறார்கள், சத்தமாகப் புத்தகம் வாசித்து விளக்குகிறார்கள், சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அதுவும் வாசிக்கக் கற்றுக்கொள்கிறது. இந்த அத்தியாயங்களை மட்டும் உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வேறு மொழி பேசும் ஊருக்கு வந்து, பக்கத்து மேசையில் பேசுவதைக் கேட்டே ஒரு மொழியின் நெளிவுசுளிவைப் பிடித்தவர்களுக்கு, அந்தப் பக்கங்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும். உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை அவளிடம் சொல்லுங்கள், அவள் டீச்சரிடம்கூட அது கிடைக்காது.

இன்னொரு விஷயம், இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். இந்த நாவல் பிறந்ததே ஒரு பாழாய்ப்போன கோடையில்தான். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் குளிரும் மழையுமாகப் போனது. ஜெனீவா ஏரிக்கரைக்கு வந்திருந்த ஒரு சிறு கூட்டம் வெளியே போக முடியாமல் வீட்டுக்குள் அடைந்துகிடந்து, பேய்க்கதைகளை வாசித்து, ஆளுக்கொரு கதை எழுதலாம் என்று பேசிக்கொண்டார்கள். அதில் மேரிக்கு அப்போது வயது 18. உடனே அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை, கதை கிடைத்ததா, கிடைத்ததா என்று கேட்கிறார்கள், இல்லை இல்லை என்று பதில் சொல்லி வெட்கப்பட்டேன் என்று 1831 முன்னுரையில் அவரே எழுதுகிறார். புத்தகம் 1818 ஜனவரியில் பெயர் போடாமல் 500 பிரதி அச்சாகி வெளிவந்தது. உங்கள் மகளைவிட மூன்று வயது பெரிய ஒரு பெண்.

குறிப்பெழுதுவது பற்றிக் கொஞ்சம். பிள்ளைகள் மஞ்சள் ஹைலைட்டரை எடுத்துப் பக்கம் முழுக்கப் பூசிவிடுகிறார்கள், திறந்து பார்த்தால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அத்தியாயத்துக்கு மூன்று ஸ்டிக்கி நோட் போதும். இது எனக்குப் புரியவில்லை என்று ஒன்று, இங்கே இந்த ஆள் மேல் எனக்குக் கோபம் வந்தது என்று ஒன்று, இது முன்னால் வந்ததே என்று ஒன்று. "பனி இங்கேயும் வருகிறது, வால்டன் கடிதத்தில் வந்த மாதிரி" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால், அந்த ஒற்றை வரிக்காக நான் முழு மதிப்பெண் போடுவேன். அகராதி பார்த்து ஓரத்தில் அர்த்தம் எழுதுவது வேறு வேலை, அதைக் குறிப்பு என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

படி, படி என்று சொல்வதை மட்டும் இந்த ஐந்து வாரமும் நிறுத்திவிடுங்கள். கஷ்டம்தான், தெரியும். அதற்குப் பதில் அந்த 25 நிமிடமும் நீங்களும் அதே அறையிலோ ஹாலிலோ எதையாவது படித்துக்கொண்டு உட்காருங்கள், தமிழ்ப் புத்தகமாக இருந்தாலும் சரி. போன் வேண்டாம், அதைப் பிள்ளைகள் படிப்பதாக ஏற்றுக்கொள்வதில்லை.

20 நாளிலும் முடியாது போலிருந்தால், லேபர் டே முடியும் வரை காத்திருக்காமல் ஆகஸ்ட் நடுவிலேயே அவளையே டீச்சருக்கு எழுதச் சொல்லுங்கள். இதுவரை படித்துவிட்டேன், இந்த இடம் பிடிபடவில்லை, முதல் வாரத்தில் பத்து நிமிடம் பேச முடியுமா என்று நாலு வரி. லீவில் அப்படி மெயில் வந்தால் எனக்கு எரிச்சல் வந்ததே இல்லை, ஒரு வருடம் முழுக்க அந்தப் பிள்ளையை ஞாபகம் வைத்திருப்பேன்.

இரண்டாவது புத்தகம் யாருடைய தன்வரலாறு என்று நீங்கள் சொல்லவில்லை. பொதுவாக இந்தப் பட்டியல்களில் வரும் தன்வரலாறுகள் இப்போதைய நடையில் இருக்கும், சின்ன அத்தியாயங்கள், நாவலைவிடச் சீக்கிரம் ஓடும், அதனால் அதைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். சிலவற்றில் வன்முறையோ பாலியல் கொடுமையோ நேரடியாக வரும். அப்படி இருந்தால் நீங்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது நல்லது, வேண்டுமானால் மாற்றுப் புத்தகம் கேட்கலாம், பெரும்பாலான டீச்சர்கள் ஒன்றைத் தயாராக வைத்திருப்பார்கள். பெயரைச் சொன்னால் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினால் அவளுக்கு எளிதாக இருக்கும் என்று சொல்கிறேன்.